எதிர் நாற்காலி

உள்ளே வாங்க டீச்சர். படி உயரம், பார்த்து வாங்க. அந்த ஸ்டூல் வேண்டாங்க, மை ஒட்டிக்கும். இந்த நாற்காலியில் உட்காருங்க. ஆமாங்க, இதுதான் பிரஸ். முன்னால் பிரஸ், பின்னால் வீடு, நடுவில் ஒரு சுவர். சுவர்னு பேருதான். அந்தப் பக்கம் பாப்பா தும்மினால் இந்தப் பக்கம் இருந்து நூறு சொல்லலாம்.

பாப்பா அப்பா இல்லைங்க. பேப்பர் எடுக்கக் கோயமுத்தூர் போயிருக்கார். எப்போ வருவார்னா, அதை அந்த பஸ்ஸைத்தான் கேட்கணும். நீங்க போயிடாதீங்க. மோர் கொண்டு வரட்டுமா? வேண்டாமா? எல்லாரும் முதலில் வேண்டாம்னுதான் சொல்வாங்க. இருங்க, வர்றேன்.

குடிங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். பாப்பாவைக் கீழே விட்டால் எழுத்துப் பெட்டியில் கையை விடுவா, அதனால் மடியிலேயே இருக்கட்டும்.

நான் யாரோடும் இப்படி உட்கார்ந்து பேசறவ இல்லைங்க. கல்யாணப் பத்திரிகை அடிக்க வர்றவங்க முன்னால்கூட வரமாட்டேன். கதவுக்குப் பின்னால் நின்னு "அவர் இல்லீங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிடுவேன். மயிலாத்தாவுக்கு வாய் இருக்கறதே சோறு சாப்பிடும்போதுதான் தெரியும்னு எங்க மாமியார் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க. ஆனால் உங்க மடியில் இருக்கற அந்தத் தாள் கட்டைப் பார்த்ததும் சொல்லணும்போல இருக்கு. இங்கிலீஷ் கவிதைதானே அது? ஓரத்தில் இவ்வளவு வெள்ளை விட்டு டைப் அடிச்சிருந்தால் கவிதைதான். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்கறீங்களா? அதைத்தான் சொல்ல வர்றேன்.

போன வருஷம் இதே நேரத்தில் வயலட் மேடம் இங்கே வந்தாங்க. உங்க காலேஜ்தான். இங்கிலீஷ் டிபார்ட்மெண்டில் நீங்க இன்னிக்கு உட்கார்ற இடத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவங்க. அவங்க ஒரு புத்தகம் எழுதியிருந்தாங்க. இங்கிலீஷ்காரங்க கவிதை எழுத ஆரம்பிச்ச காலத்திலிருந்து இன்னி வரைக்கும் யார் எழுதினாங்க, யார் அச்சடிச்சாங்க, யார் காசு கொடுத்து வாங்கினாங்க, எல்லாம் ஒரே புத்தகத்தில். நடுநடுவே கவிதையும் இருக்கும். ரிடையர் ஆகற விழாவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும்னு அவசரம். கோயமுத்தூரில் அத்தனை பெரிய பிரஸ் இருக்க, உடுமலைப்பேட்டையில் எங்க பிரஸ்ஸைத் தேடி வந்தாங்க. ஏன் இங்கேயே வரணும்? எனக்கு அன்னிக்கே சுருக்குன்னுச்சு. காலேஜிலிருந்து நடந்து வர்ற தூரம்தானேன்னு பாப்பா அப்பா சொன்னார். நடந்து வர்ற தூரத்தில்தானே டீச்சர் எல்லாமே ஆரம்பிக்குது.

நீங்க புரூஃப் பார்க்கறதைப் பார்த்திருக்கீங்களா? கவிதையை நீங்க புத்தகத்தில் பார்த்திருப்பீங்க, அது அச்சானதுக்கு அப்புறம். அதுக்கு முன்னால் நடக்கறது வேற. ஒருத்தர் கையால் எழுதினதைச் சத்தமா வாசிக்கணும். எதிரே இன்னொருத்தர் அச்சுத் தாளை வெச்சுக்கிட்டுப் பென்சிலோடு கூடவே போகணும். கமா வந்தால் கமான்னு சொல்லணும், புள்ளி வந்தால் புள்ளி. ஒவ்வொரு வார்த்தைக்கும் பென்சில் பிடிச்சவர் "ம்" சொல்லணும். ம் சொன்னால்தான் அடுத்த வார்த்தை. சொல்லலைன்னா எங்கேயோ தப்பு, நின்னுடணும். சின்ன வேலைன்னா பாப்பா அப்பா தனியாவே முணுமுணுத்துப் பார்த்துக்குவார். இது பெரிய புத்தகம். மேடத்தோட கையெழுத்தோ, எறும்பு மையைக் குடிச்சுட்டு ஓடின மாதிரி இருக்கும். அவங்களைத் தவிர இன்னொருத்தருக்குப் புரியாது. அதனால் அவங்க வாசிக்கணும், இவர் ம் சொல்லணும். இந்த மேசையில்தான். எதிரும் புதிருமா.

சாயங்காலம் வருவாங்க. குடையைச் சுவரில் சாய்ச்சு வெச்சுட்டு, "சென்னியப்பன், ஆரம்பிக்கலாமா"ம்பாங்க. பேரைச் சொல்லித்தான். கல்யாணமாகி இத்தனை நாளில் நான் அந்தப் பேரை வாயில் எடுத்ததில்லை. இப்போகூட அவங்க சொன்னதைத்தான் சொன்னேன், நானாச் சொல்லலை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டிடுவேன். அவங்க வந்த முதல் நாளே, கடையில் உப்புக் கேட்கற மாதிரி அந்தப் பேரைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பேன். பாப்பா அப்போ குப்புற விழப் பழகிட்டிருந்தா. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. அஞ்சாவதோடு நின்னுட்டேன். ஏபிசிடி தெரியும், பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டும் தெரியும், வார்த்தை தெரியாது. ஆனாலும் சினிமா பார்த்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை ஒண்ணு இருக்கே. அது சுவரைத் தாண்டி வந்துச்சு. "லவ், கமா"ன்னு மேடம். "ம்"னு இவர். அப்புறம் என்னமோ வாசிச்சுட்டு மறுபடியும் "மை லவ், கமா"ன்னு அவங்க. "ம்"னு இவர்.

கமாவோடு சொன்னால் லவ் இல்லைன்னு ஆயிடுமா? நீங்களே சொல்லுங்க.

சரி, அதைக்கூட விட்டுடலாம். வேலைன்னு வந்தால் எழுதியிருக்கறதை வாசிக்கத்தான் வேணும். எனக்குத் தாங்க முடியாதது அந்த ம்தான். எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தர் கதை சொன்னால் கேட்கறவங்க உம் கொட்டணும். கொட்டலைன்னா சொல்றவங்களுக்குத் தொண்டையிலேயே கதை செத்துப் போயிடும். நான் இவர்கிட்டே பாப்பா குப்புற விழுந்ததைச் சொல்வேன், பால்காரர் தண்ணி கலந்ததைச் சொல்வேன், எதிர்வீட்டில் மருமகள் கோவிச்சுக்கிட்டுப் போனதைச் சொல்வேன். ஒரு ம் வராது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவார். சரி, மனுஷன் சுபாவமே அப்படி, ஊமைக் கோட்டான்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லையே. அவர்கிட்டே ம் மூட்டை மூட்டையா இருந்திருக்கு. வார்த்தைக்கு ஒண்ணா எடுத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்துக்கிட்டே இருந்தார்.

பாருங்க, நீங்க ம் சொல்றீங்க. எவ்வளவு நல்லா இருக்கு.

ரிடையர் ஆகப் போறவங்கதானேன்னு நினைக்கறீங்க. எங்க மாமியாரும் அதையேதான் சொன்னாங்க. அந்தம்மா தலையில் எள்ளும் அரிசியும் கலந்த மாதிரி நரை, உனக்கு எங்கே வலிக்குதுன்னு கேட்டாங்க. நரைன்னா என்னங்க? இவர் அதுக்கு முன்னால் சாயங்காலத்தில் சட்டை மாத்தினதே இல்லை. மேடம் வர ஆரம்பிச்ச பிறகு இஸ்திரி போட்ட சட்டை. கேட்டால், படிச்சவங்க எதிரில் மைச் சட்டையோடு உட்கார முடியுமான்னார். என் எதிரில் இத்தனை நாளா மைச் சட்டைதான். ஒரு நாள் ரசத்தில் உப்பே போடாமல் ஊத்தினேன். சாப்பிட்டுட்டுக் கை கழுவிட்டு எழுந்துட்டார். உப்பில்லைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பாப்பாவைக் கிள்ளி விட்டேன்னு மாமியார் சொல்வாங்க, நம்பாதீங்க. நான் கிள்ளலை. அவ தானா அழுவா. லவ் வர்ற நேரத்தில் அழுதால் நான் கொஞ்ச நேரம் தூக்காமல் விடுவேன், அவ்வளவுதான். குழந்தை அழுதால் நுரையீரலுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார். அவங்க வாசிக்கறதை நிறுத்திட்டு, "குழந்தைக்கு என்னவாம், பாருங்க சென்னியப்பன்"ம்பாங்க. இவர் உள்ளே வந்து என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போவார். சரி, பார்க்கவாவது பார்த்தாரே.

ஒரு ராத்திரி வாய்விட்டே கேட்டுட்டேன். தினமும் அவங்க என்னதான் சொல்றாங்க, அந்தப் பாட்டுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு. அவர் படுத்துக்கிட்டே சொன்னார், "நம்ம வேலை எழுத்தைப் பார்க்கறது. அர்த்தத்தைப் பார்க்கறது இல்லை." சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டார். நம்பற மாதிரியா இருக்கு?

அப்போதான் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்துச்சு. பள்ளிக்கூடம், சந்தை, பஸ் ஸ்டாண்டு, எங்கே பார்த்தாலும் கறுப்புக் கண்ணாடி. இவருக்கும் வந்துடுச்சு. ரெண்டு கண்ணும் பழுத்த மிளகாய் மாதிரி. எழுத்தைப் பார்த்தால் தண்ணியாக் கொட்டும். பின்னறையில் ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துட்டார். எனக்குப் பதறிப் போச்சு. கண்ணை வெச்சுத்தானே எங்க பிழைப்பு. மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தறேன், சீக்கிரம் சரியாக்கிக் கொடு தாயேன்னு வேண்டிக்கிட்டேன். பாப்பாவைத் தாத்தா வீட்டில் விடலாமான்னுகூடப் பார்த்தேன், பால் குடிக்கிற குழந்தையை எப்படி விட? அதனால் அவர் அந்த அறையில், நாங்க ரெண்டு பேரும் சமையல் கட்டில்.

மேடம் வந்து வாசலில் நின்னாங்க. விழா நெருங்கிட்டுது, தாள் காத்துக்கிட்டிருக்குன்னு முகம் வாடிப் போச்சு. நான் கதவுக்குப் பின்னால் இருந்து, "அவர் இல்லீங்க, படுத்திருக்காருங்க"ன்னேன். அவங்க போகலை. கதவைப் பார்த்துக் கேட்டாங்க, "உனக்கு ஏபிசிடி தெரியுமாம்மா?"

தெரியும்னு சொன்னது நான்தானான்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்.

முறையைத் திருப்பிப் போட்டாங்க. என்னால் அவங்க கையெழுத்தை வாசிக்க முடியாது. ஆனால் அச்சுத் தாளில் எழுத்து ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கும், பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிக்கற பிள்ளைங்க மாதிரி. அதனால் நான் அச்சுத் தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாச் சொல்லணும். அவங்க எறும்புக் கையெழுத்தில் சரி பார்ப்பாங்க. வார்த்தை முடிஞ்சால் 'இடம்'னு சொல்லணும். வரி முடிஞ்சால் 'வரி'. டி, எச், இ, இடம். அவங்க ம். எஸ், இ, ஏ, இடம். ம்.

நான் இவரோட நாற்காலியில் உட்கார்ந்தேங்க, ஜன்னல் பக்கம். பாப்பா மடியில். அவங்க எதிர் நாற்காலியில். முதலில் எனக்குக் குரலே வெளியே வரலை. கொசு பறக்கற மாதிரி ஒரு சத்தம். அவங்க தலையை நிமிர்த்தாமலே, "சத்தமா மயில், நான் உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்"னாங்க. மயிலாத்தான்னு யாராவது கூப்பிட்டால் எனக்கு வெட்கமா இருக்கும், பழங்காலத்துப் பேரு. அவங்க மயில்னு வெட்டி வெச்சாங்க, அது நல்லா இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் முழுக்க நான் சொன்னேன், அவங்க ம் சொன்னாங்க. என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைக்கூட அவங்க ம் இல்லாமல் போக விடலை.

ஒரு பாட்டு முடிஞ்சால் பென்சிலைக் கீழே வெச்சுட்டு, "இப்போ நீ என்ன சொன்னே தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க. தெரியாதுங்கம்பேன். ரெண்டு வரியில் சொல்வாங்க. ஒருத்தன் ஒருத்திக்காக இருபது பாட்டு எழுதியிருக்கான், அவ திரும்பிக்கூடப் பார்க்கலையாம். ஒருத்தி குழந்தைக்குக் காய்ச்சலா இருக்கும்போது தொட்டிலை ஆட்டிக்கிட்டே எழுதினாளாம். அதை நான்தான் சொல்லியிருக்கேன், ஒவ்வொரு எழுத்தா, என் வாயால. பாப்பா என் மடியில் தூங்கிட்டிருந்தா.

பாப்பா பாலுக்கு அழுதால் அவங்க தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்குவாங்க, எனக்குக் கூச்சமா இருக்கும்னு. சுவரைப் பார்த்துக்கிட்டே புத்தகம் போட்ட கதையெல்லாம் சொல்வாங்க. அந்த நாட்டில் ஒரு காலத்தில் கவிதையை அச்சடிச்சு விக்கறதைப் பெரிய வீட்டுக்காரங்க கேவலமா நினைச்சாங்களாம். கையால் எழுதித் தெரிஞ்சவங்களுக்குள்ளேயே சுத்த விடுவாங்களாம். அப்புறம் ஒரு காலத்தில் புத்தகம் வர்றதுக்கு முன்னாலேயே காசு கொடுத்துப் பேர் பதிவாங்களாம், அந்தப் பேரெல்லாம் முன்பக்கத்தில் வரிசையா அச்சாகுமாம். நம்ம ஊர் கும்பாபிஷேக நோட்டீஸ் மாதிரிங்களான்னு கேட்டேன். ஆமாம், அதேதான்னு சுவரைப் பார்த்துச் சிரிச்சாங்க. பொம்பளைங்க எழுதினால் அதிலே நிறையப் பேர் தன் பேரைப் போட்டுக்க மாட்டாங்களாம். அட்டையில் 'ஒரு பெண்மணி'ன்னு மட்டும் இருக்குமாம். ஏன் மேடம், வீட்டில் திட்டுவாங்களான்னேன். "வீட்டில் திட்டுவாங்க, தெருவில் சிரிப்பாங்க, பத்திரிகையில் கிழிப்பாங்க மயில்." அப்போ அவங்களுக்கு வயிறு எரியாதான்னு கேட்டேன். "எரிஞ்சிருக்கும்"னாங்க.

பின்னறையிலிருந்து இவர் கூப்பிடுவார், அங்கே என்ன சிரிப்புன்னு. நான் பதில் சொல்லலை. ஒரு ம்கூடச் சொல்லலை.

அம்மனுக்கு ஏன் அவ்வளவு அவசரமோ. எதிர்வீட்டுக்காரருக்கு ரெண்டு வாரம் கண் திறக்கலை. இவருக்கு நாலே நாளில் வெளுத்துப் போச்சு. கண்ணாடியைக் கழட்டிட்டு, சட்டை மாத்திக்கிட்டு, இங்கே வந்து நின்னு, "நீ போய்க் குழந்தையைப் பாரு"ன்னார். குழந்தை என் மடியில்தாங்க இருந்துச்சு. எழுந்தேன். அப்போ ஒரு பாட்டுப் பாதியில் நின்னுச்சு. கடற்கரையில் ஒருத்தி நிக்கறா, கப்பல் வரணும், அதோடு அந்தத் தாள் முடிஞ்சுபோச்சு. அடுத்த தாளை இவர் பார்த்தார்.

எழுந்து போகும்போது மேடம் கேட்டாங்க, "முன்னுரையில் நன்றி எழுதணும். உன் பேரைப் போடட்டுமா மயில்?"

நான் என்ன சொல்வேன்? "ஐயோ, வேண்டாங்க மேடம்"னேன்.

"சரி"ன்னுட்டாங்க.

அவ்வளவுதான் டீச்சர். சரின்னுட்டாங்க. விருந்துக்குப் போனால் நாம போதும் போதும்னு சொல்றது இல்லையா? அதுக்காக இலையை எடுத்துட்டுப் போயிடுவாங்களா? ஒரு கரண்டி வெப்பாங்க, அட சாப்பிடுங்கம்பாங்க, நாம கையைக் குறுக்கே வைப்போம், கைமேலேயே ஊத்துவாங்க. அதுதானே மரியாதை. நீங்க மோர் வேண்டாம்னீங்க, நான் விட்டேனா? அத்தனை படிச்சவங்களுக்கு இது தெரியலை. இங்கிலீஷ் புத்தகமாவே படிச்சுப் படிச்சு, வேண்டாம்னா வேண்டாம்தான்னு ஆயிடுச்சுபோல.

மறுபடியும் நான் சுவருக்கு அந்தப் பக்கம். மறுபடியும் "சென்னியப்பன்", மறுபடியும் கமா, மறுபடியும் இவரோட ம். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனால் இது வேற எரிச்சலுங்க, நியாயமான எரிச்சல். குடும்பத்தை நினைச்சுத்தான். ஒரு பொம்பளைகூட அவர் தினமும் தனியா உட்கார்ந்தால் நாலு பேர் என்ன பேசுவாங்க? நான் அங்கே உட்கார்ந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதுக்காகத்தான் நான் அந்த நாற்காலியை நினைச்சேன். வேற ஒண்ணும் இல்லை. இவர் பெருமையா உட்கார்ந்திருந்தார் பாருங்க, காலை ஆட்டிக்கிட்டு. என்னமோ அவர் ம் சொன்னால்தான் மேடத்துக்கு வாசிக்க வர்ற மாதிரி. அவங்களோட ம் எப்படி இருக்கும்னு அவருக்கு என்ன தெரியும்? அவருக்கு ஒரு தடவையாவது கிடைச்சிருக்கா?

கண்மலர் சாத்தப் போனேன். சாத்திட்டு, தாயே, இன்னும் ஒரே ஒரு வாரம் மறுபடி வந்தால் நல்லா இருக்கும், வலி வேண்டாம், சிவப்பு மட்டும் போதும்னு கேட்டேன். தப்பா? கட்டின புருஷனுக்குக் கெடுதலா கேட்டேன்? சிவப்பு மட்டும்தானே.

வரலைங்க.

கடற்கரையில் நின்னாளே அவளுக்குக் கப்பல் வந்துச்சான்னு ரொம்ப நாளா மனசில் கிடந்துச்சு. இவரைக் கேட்டேன். பார்த்தது இவர்தானே. "எழுத்தெல்லாம் சரியா இருந்துச்சு"ன்னார்.

விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. காலேஜ் ஹாலில் நான் பாப்பாவோடு கடைசி வரிசையில். இவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க, இல்லைன்னு சொல்லலை. பொன்னாடை ரோஸ் கலர். இவருக்கு ரோஸ் எடுக்காது. அப்புறம் உங்க பிரின்சிபால் அந்த முன்னுரையை வாசிச்சார், இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. அவருக்கு நன்றி, இவருக்கு நன்றி, திரு சென்னியப்பனுக்கு நன்றி. கடைசியா, பழைய புத்தகங்களில் வர்ற மாதிரி, தன் பேரைச் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணிக்கு நன்றி, அவர் இந்தப் புத்தகத்தின் பல பக்கங்களை எழுத்தெழுத்தாக எனக்குச் சொன்னார்னு.

ஹாலில் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. யார் அந்தப் பெண்மணின்னு. என்னை யாருமே பார்க்கலை. என் பக்கமா வந்த பார்வையெல்லாம் என்னைத் தாண்டிக் கதவுக்குப் போச்சு. உங்க லைப்ரரியில் இருக்காங்களே, சுருட்டை முடி, மூக்குக் கண்ணாடி, அவங்கதான்னு எனக்கு முன்னால் வரிசையில் யாரோ சொன்னாங்க. அந்தம்மா இல்லைன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க பாருங்க. எனக்கு அந்த நிமிஷம் அந்தம்மாவைப் பிடிக்காமல் போச்சு, இன்னி வரைக்கும் பிடிக்கலை. நீங்க பார்த்தால் என் பேரைச் சொல்லாதீங்க.

வீட்டுக்கு வர்ற வழியில் இவர்கிட்டே சொன்னேன், என் பேரைப் போட்டிருக்கலாம்னு. "நீதானே வேண்டாம்னே, சுவர் வழியாக் கேட்டுச்சு"ன்னார். கேட்கவேண்டியதெல்லாம் இவருக்கு நல்லாத்தான் கேட்குது.

மேடம் நாகர்கோவிலில் அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குன்னு தனியா ஒரு புத்தகம் கொடுத்துட்டுத்தான் போனாங்க. தொட்டில் துணிக்கு அடியில் வெச்சிருக்கேன். முன்னுரையில் அந்த நன்றி வரியை எனக்குப் பார்க்காமலே காட்டத் தெரியும். ஏ, இடம், எல், ஏ, டி, ஒய். அதுதான் நான். மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது கப்பல் பக்கத்தை எடுத்து வெச்சுக்கிட்டு எழுத்தெழுத்தாச் சொல்லிப் பார்ப்பேன். எல்லா எழுத்தும் தெரியுது. ம் சொல்ல எதிரே ஆளில்லைன்னா அது எழுத்தாவே நிக்குது டீச்சர். வார்த்தையா ஆகமாட்டேங்குது.

மணி என்ன ஆச்சு? அவர் இப்போ பொள்ளாச்சி தாண்டியிருப்பார். வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். நான் பஸ்ஸைக் கேட்கணும்னு சொன்னது சும்மா. நேத்து நீங்க போன் பண்ணி ஓனர் இருப்பாரான்னு கேட்டப்போ, பதினோரு மணிக்கு வாங்கன்னு சொன்னது நான்தான். கோயமுத்தூர் பஸ் பத்தரைக்கு. அவருக்கு நீங்க வர்றதே தெரியாது. கோவிச்சுக்காதீங்க. இன்னொரு மோர் தர்றேன்.

இப்போ அவர் வந்ததும் நீங்க என்ன சொல்லணும்னு சொல்றேன். வேலையை உங்ககிட்டேயே கொடுக்கறேன், ஆனால் பொம்பளைங்ககூட உட்கார்ந்து புரூஃப் பார்த்தால்தான் எனக்குச் சௌகரியம்னு சொல்லுங்க. எங்க வீட்டில் கட்டுப்பாடு, ஆம்பளை எதிரில் உட்காரக்கூடாதுன்னு வேணும்னாலும் சொல்லுங்க. அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். வேலை வந்தால் போதும் அவருக்கு. நீங்க கல்யாணமாகாதவங்க, சின்ன வயசு, பார்க்கவும் லட்சணமா இருக்கீங்க. உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன்.

அந்தக் கட்டைப் பிரிங்களேன். டைப் அடிச்சதுதானே, எழுத்து தெளிவா நிக்கும். ஒரு பக்கம் சொல்லிப் பார்க்கறேன். நீங்க உட்கார்ந்திருக்கறதுதான் மேடத்தோட நாற்காலி. நான் இந்தப் பக்கம் வந்துக்கறேன். இவளைப் பிடிக்க வேண்டாம், மடியில் இருந்தாத்தான் எனக்குக் குரல் வரும்.

இன்னும் ஒண்ணு. புத்தகம் முடியும்போது நீங்க என்கிட்டே கேட்கணும், உன் பேரைப் போடட்டுமான்னு. நான் வேண்டாம்னுதான் சொல்வேன். எனக்கு வேற மாதிரி சொல்லவராது. நீங்க மறுபடியும் கேளுங்க. அப்பவும் வேண்டாம்பேன், சேலைத் தலைப்பை வாயில் வெச்சுக்குவேன், எழுந்துகூடப் போயிடுவேன். நீங்க பாட்டுக்குப் போட்டுடுங்க.

சரி, ஆரம்பிக்கலாமா? ஐ, இடம்.

ம் சொல்லுங்க டீச்சர்.